ஏழு பேர் உட்காரும் காடிக்கு விலை பேசுவது எப்படி

இங்கே மலேசியாவில் காடி (கார்) ஷோரூமில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அந்தக் கேள்வி வரும். "அண்ணே, மாசம் எவ்வளவு கட்டலாம்னு இருக்கீங்க?" நம் நல்லதுக்குக் கேட்பது போலவே இருக்கும். நாமும் வீட்டில் பேசி வைத்ததை மறைக்காமல், "எழுநூறு வெள்ளிக்குள்ள இருந்தா பரவாயில்ல" என்று சொல்லிவிடுவோம். பேரம் அங்கேயே முடிந்துவிட்டது. இனி அவர் செய்ய வேண்டியதெல்லாம், தனக்கு வசதியான விலையை அந்த எழுநூறுக்குள் அடக்குவதுதான். அடக்க, லோனை ஒன்பது வருடம் வரை நீட்டும் வசதி கையில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60,000 வெள்ளி லோன், 3 விழுக்காடு ஃபிளாட் வட்டி, ஒன்பது வருடம் என்றால் வட்டி மட்டும் 16,200. மாதம் 705 வெள்ளி சொச்சம். அதே கடனை ஐந்து வருடத்தில் கட்டினால் வட்டி 9,000தான், ஆனால் மாதம் 1,150 வரும். ஃபிளாட் என்பது நாம் கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் வாங்கிய முழுத்தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடும் முறை. அதனால் 3 என்று காதில் விழுவது, குறைகிற கடனுக்குப் போடும் வட்டியாகப் பார்த்தால் கிட்டத்தட்ட 5.5 ஆகிவிடுகிறது. பேங்க் ஆள் ஒரு எண்ணைச் சொன்னால், அது எந்த வகை வட்டி என்று முதலில் கேளுங்கள். இரண்டு பேங்குகளில் ஒருவர் ஃபிளாட்டும் இன்னொருவர் மற்றதும் சொன்னால் ஒப்பிடுவதே வீண்.

ஆக அந்தக் கேள்விக்கு என் பதில் இதுதான்: "லோன் கதை அப்புறம் பேசலாம் தம்பி, முதல்ல காடி மொத்தம் எவ்வளவு, அதை எழுதிக் கொடுங்க."

இதை எழுதும்போது சுலபமாக இருக்கிறது, எங்கள் ஊரில் சொல்வதுதான் கஷ்டம். நான் இருப்பது சுங்கை சிப்புட். அப்பா பால்மரம் வெட்டிய தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. தோட்டத்தை விட்டு எல்லோரும் டவுனுக்கு வந்துவிட்டாலும் யார் யாருக்கு என்ன உறவு என்பது மட்டும் மாறவில்லை. காடி விற்கிற பையன் அத்தையின் நாத்தனார் மகனாக இருப்பான், இல்லாவிட்டால் கோயில் கமிட்டியில் அப்பாவோடு உட்கார்ந்தவரின் மருமகனாக இருப்பான். அவனிடம் போய் இன்னும் ஆயிரம் குறை என்று எப்படிக் கேட்பது? அவனும் "நம்ம ஆளுக்குத் தனி விலை" என்பான். அந்தத் தனி விலை என்ன என்பதை ஈப்போவில் முகம் தெரியாத இரண்டு பேரிடம் கேட்கும் வரை நமக்குத் தெரியப்போவதில்லை.

நான் செய்தது இது. மாடல், வேரியன்ட், நிறம் மூன்றையும் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, ஈப்போவில் இரண்டு இடம், தைப்பிங்கில் ஒரு இடம், அப்புறம் நம்ம பையன், நான்கு பேருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன். இந்த வேரியன்ட், இந்த நிறம், எந்த வருடம் தயாரித்தது, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓ.டி.ஆர் விலை (பதிவு, ரோட் டேக்ஸ் எல்லாம் சேர்த்துக் காடியை ரோட்டில் இறக்கும் விலை) எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு, வேறு என்னென்ன கட்டணம், தனித்தனியாக எழுதி அனுப்பவும். ஒருவர் "வாங்க பாஸ், நேர்ல பேசுவோம்" என்று மட்டும் பதில் போட்டார். அவரை விட்டுவிட்டேன். எழுதிக் கொடுக்கத் தயங்குகிறவர் நேரில் என்ன சொல்வார் என்று எனக்கு முன்பே ஒரு பாடம் உண்டு. பழைய காடி வாங்கியபோது, பெயர் வேண்டாம், ஒரு கடையில் வாயால் பேசிய விலை வேறு, கையெழுத்துப் போட வைத்த தாளில் இருந்தது வேறு. நடுவில் "பேக்கேஜ்" என்று 2,800 வெள்ளி உட்கார்ந்திருந்தது. கால்மிதி, கதவு ஓரத்துப் பிளாஸ்டிக், பின்னால் ஒரு தட்டு. கேட்டால் "அது ஏற்கனவே காடியில மாட்டியாச்சு அண்ணே". மாட்டியாச்சு என்றால் நான் என்ன செய்ய.

எல்லாக் காடிக்கும் ஒரே மாதிரி பேரம் பேச முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உள்நாட்டு பிராண்டான பெரோடுவாவின் அல்சா மாதிரி வண்டிக்கு விலை எங்கு போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான், வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது யார் குறைப்பார்கள்? 2022இல் இப்போதைய அல்சா வந்தபோது வேரியன்டைப் பொறுத்து 62,500 முதல் 75,500 வரை, இன்சூரன்ஸ் சேர்க்காமல். அதே வருடம் வந்த டொயோட்டா வெலோஸ் 95,000. இரண்டும் அக்கா தங்கை, ஒரே 1.5 லிட்டர் இன்ஜின், இரண்டையும் பெரோடுவாதான் ரவாங் தொழிற்சாலையில் பூட்டித் தயாரிக்கிறது. அல்சாவின் மேல் வேரியன்டுக்கும் வெலோஸுக்கும் உள்ள அந்த இருபதாயிரம் வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது என்று இரண்டிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்வது, ஆயிரம் வெள்ளித் தள்ளுபடிக்கு மன்றாடுவதை விடப் பெரிய மிச்சம். உள்நாட்டு பிராண்டில் கேட்க வேண்டியது விலைக் குறைப்பை அல்ல, பொருளை: கண்ணாடிக்கு நல்ல டின்டட் ஃபிலிம், டேஷ்கேம், இன்சூரன்ஸில் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பது. சேல்ஸ்மேன் தன் கமிஷனிலிருந்துதான் இதைக் கொடுக்கிறார், அதனால் மாதக் கடைசியில், டார்கெட்டுக்கு ஒரு காடி குறையும்போது கை தாராளமாகும்.

மிட்சுபிஷி எக்ஸ்பாண்டர் மாதிரி வெளிநாட்டு பிராண்டுகளில் நிஜமான தள்ளுபடிக்கு இடம் இருக்கும், அதுவும் நவம்பர் டிசம்பரில். ஆனால் அந்தத் தள்ளுபடி எதற்கு என்று கேளுங்கள். டிசம்பரில் பதிவு செய்த காடிக்கு ஜனவரியிலேயே ஒரு வயது கூடிவிடும், விற்கப் போகும்போது சந்தை அந்த வருடத்தைத்தான் பார்க்கும். பத்து வருடம் ஓட்டப் போகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, சந்தோஷமாக வாங்கலாம். நாலு வருடத்தில் மாற்றுகிற பழக்கம் உள்ளவர் தள்ளுபடியை வாங்கி இந்தப் பக்கம் வைத்து அந்தப் பக்கம் கொடுத்துவிடுவார்.

இப்போது முக்கியமான இடம். காடி விலை, பழைய காடிக்கு அவர்கள் தரும் விலை, லோன் வட்டி, இன்சூரன்ஸ், இந்த நான்கும் நான்கு வியாபாரம். சேல்ஸ்மேன் நான்கையும் ஒரே தாளில் கலந்துதான் பேசுவார். ஒன்றில் கொடுத்ததை இன்னொன்றில் எடுப்பதற்கு அதைவிட வசதி வேறில்லை. என்னிடம் வந்த இரண்டு தாள்களைச் சொல்கிறேன். முதல் கடையில் தள்ளுபடி 6,000, என் பழைய காடிக்கு 14,000. இரண்டாம் கடையில் தள்ளுபடி 3,500தான், ஆனால் பழைய காடிக்கு 18,000. தள்ளுபடியை மட்டும் பார்த்தால் முதல் கடை ஜெயித்த மாதிரி இருக்கும், கூட்டிப் பார்த்தால் இரண்டாம் கடை 1,500 வெள்ளி மேல். சரி, முடிந்ததா? இல்லை. முதல் கடை கொண்டு வந்த பேங்க் 2.8 விழுக்காடு, இரண்டாம் கடையின் பேங்க் 3.2. 70,000 வெள்ளிக்கு ஒன்பது வருடத்தில் அந்த 0.4 புள்ளி 2,520 வெள்ளி. மறுபடியும் முதல் கடை ஆயிரம் வெள்ளி முன்னால் வந்துவிட்டது. என் மனைவி இதைப் பள்ளிப் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டியபோதுதான் எனக்கே உறைத்தது. கடைசியில் 2.8 தந்த அந்த பேங்கிலேயே நாங்களாகப் போய்க் கேட்டு, அனுமதியை வாங்கிக்கொண்டு, இரண்டாம் கடைக்குப் போனோம். தனித்தனியாகப் பேசுங்கள், ஆனால் கையெழுத்துக்கு முன் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

பழைய காடியைப் பற்றி இன்னும் ஒன்று. புதுக்காடி விலை எழுத்தில் வரும் வரை அது இருப்பதாகவே காட்டிக்கொள்ளாதீர்கள். அதற்குள் வெளியே இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு வையுங்கள். அதில் கடன் மிச்சம் இருந்தால் பேங்கிடம் இன்றைய தேதிக்கு எவ்வளவு கட்டினால் தீரும் என்று ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். சேல்ஸ்மேன் தோராயமாகச் சொல்லும் எண்ணை நம்பி உட்கார வேண்டாம்.

இன்சூரன்ஸில் பல குடும்பங்கள் கோட்டை விடுவதைப் பார்க்கிறேன். கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான என்.சி.டி 55 விழுக்காடு வரை ஏறியிருக்கும், புதுக்காடிக்கு இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் வரும் பிரீமியத்தில் பாதிக்கு மேல் அது குறைத்துவிடும். ஆனால் அது காடிச் சொந்தக்காரர் பெயரோடுதான் போகும். பழைய காடி அப்பா பெயரில், புதுக்காடி லோன் கிடைக்கும் என்று மகன் பெயரில் என்றால், அந்த 55 மகனுக்கு வராது. யார் பெயரில் வாங்குவது என்று பேசும்போதே இதையும் பேசுங்கள். 2017 ஜூலையிலிருந்து முழுக் காப்புறுதிக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறலாம், அதனால் ஷோரூம் சொன்ன எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளாமல் வெளியிலும் கேளுங்கள். ஷோரூம் இன்சூரன்ஸில் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். அடிபட்டால் கம்பெனிப் பணிமனையிலேயே செய்து கொடுப்பது போன்ற வசதிகள் சிலவற்றில் உண்டு.

மற்றக் கட்டணங்கள்: ஜே.பி.ஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு, ரோட் டேக்ஸ், நம்பர் பிளேட், பேங்க் பெயரைப் பதிவதற்கு 50 வெள்ளி. எல்லாம் சேர்த்துச் சில நூறுதான். ஓ.டி.ஆர் என்றாலே இவை உள்ளே இருக்க வேண்டும், அதற்கு வெளியே "ஹேண்ட்லிங்" என்று ஒரு வரி தெரிந்தால் அது எதற்கு என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். கூட்டு எண் பார்த்து நம்பர் ஏலம் எடுப்பது உங்கள் ஆசைக் கணக்கு. அதைச் சேல்ஸ்மேன் கணக்கில் கலக்காதீர்கள்.

டின்டட் இலவசம் என்றால் எந்த ஃபிலிம் என்று கேளுங்கள். முன்கண்ணாடி 70 விழுக்காடு வெளிச்சம் விட வேண்டும், முன்கதவுக் கண்ணாடி 50, பின்பக்கத்துக்கு 2019 முதல் கட்டுப்பாடு இல்லை. மட்டமான ஃபிலிம் மூன்றாவது வரிசையில் உட்காரும் ஆளை வேகவைத்துவிடும்.

மூன்றாவது வரிசை என்றதும் அம்மா ஞாபகம் வருகிறது. பேரம் பேசும் முன்னால் ஒரு நாள் அம்மாவைக் கூட்டிப்போய் எல்லா இருக்கையிலும் ஏறி இறங்கச் சொன்னேன். முட்டி வலியோடு இரண்டாவது வரிசைக்கே கையைப் பிடித்து ஏறியவர், பின்னால் எட்டிப் பார்த்து "இதுல யாரு உக்காருவா, கோழியா?" என்றார். ஒரு மாடல் அங்கேயே கழிந்தது. ஆனால் விலை பேசும் நாளில் குடும்பம் வேண்டாம். பிள்ளைகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "இதுதாம்பா" என்று கத்தினால் அதற்கு மேல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும் என்பீர்கள்? கூட வருவதென்றால் கணக்குத் தெரிந்த, வாய் பேசாத ஒருவர் வரட்டும்.

பேசும்போது வெற்று வாயால் "போலே கூராங்?" (குறைக்க முடியுமா?) என்று மலாயில் கேட்பதில் பயனில்லை, ஐந்நூறு குறைப்பார், அது முதலிலேயே ஏற்றி வைத்த ஐந்நூறு. மற்றக் கடையின் தாளைக் காட்டி, ஒரு எண்ணைச் சொல்லுங்கள்: "மொத்தம் இவ்வளவு, டின்டட்டோட, இன்னைக்கே புக் பண்றேன்." அதற்குப் பிறகு பேசாதீர்கள். அவர் மேனேஜரைக் கேட்டு வருவதாக உள்ளே போவார், பத்து நிமிடம் ஆகும், மைலோ வரும், குடியுங்கள். ஒத்துவரவில்லை என்றால் எழுந்து வாருங்கள். எனக்கு மறுநாள் காலை பத்தரைக்குப் போன் வந்தது.

உறவுக்காரப் பையனுக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். தாளை அவனிடம் காட்டி, "இந்த விலைக்கு உன்னால முடியுமா தம்பி, முடிஞ்சா உன்கிட்டயே வாங்குறேன்" என்று நேராகக் கேட்டேன். முடியவில்லை என்றான், கோபப்படவில்லை. அவனுக்கும் அது என்ன விலை என்று தெரியும்.

புக்கிங் பணம் கட்டும்போது ஒரு விஷயம். லோனில் வாங்குகிறவர்களிடம் காடி விலையில் 1 விழுக்காட்டுக்கு மேல் புக்கிங் வாங்கக் கூடாது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நாம் வேண்டாம் என்று சொன்னால் அதில் 90 விழுக்காடாவது திரும்ப வர வேண்டும், 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்தில் இருப்பதுதான். ரசீது கட்டாயம். தராமல் இழுத்தடித்தால் பயனீட்டாளர் டிரிபியூனலில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. தருவதாகச் சொன்ன ஒவ்வொரு பொருளையும் புக்கிங் தாளிலேயே எழுத வையுங்கள், டின்டட் பெயர் உட்பட. வெறும் தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம், "அப்புறம் நான் ஃபில் பண்ணிக்கிறேன்" என்று எவ்வளவு சிரித்துச் சொன்னாலும்.

காடி எடுக்கும் நாளில் பகலில் போங்கள், மழையில் பெயின்ட் கீறல் தெரியாது. கிலோமீட்டர் பாருங்கள். பிறகு குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள், நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 3224 என்றால் அந்த டயர் 2024இன் 32ஆவது வாரம் செய்தது. புத்தம் புதுக் காடி என்று சொன்ன வண்டியில் ஒன்றரை வருடப் பழைய டயர் இருந்தால், அந்த வண்டி எவ்வளவு நாள் வெயிலில் நின்றது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எலுமிச்சம்பழத்தை அந்த டயருக்கு அடியில் வைப்பது இதெல்லாம் முடிந்த பிறகு.