மூக்கை நம்பாதீர்கள், பில் கட்டைப் பாருங்கள்: பெயிண்டிங் பட்டறைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைகளுக்கு நான் கணக்கெழுதுகிறேன். எனக்குப் பெயிண்ட் அடிக்கும் ஸ்பிரே கன் பிடிக்கத் தெரியாது, தகட்டுப் பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசத் தெரியாது. ஆனால் மாதக் கடைசியில் பில் கட்டு என் கைக்குத்தான் வருகிறது. தின்னர் எத்தனை லிட்டர், ஹார்ட்னர் எத்தனை, வாட்டர் பேப்பர் எத்தனை என்று பேரேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஒரு பட்டறையில் வருடம் முழுக்க ஹார்ட்னர் வாங்கியிருந்தார்கள். முகக்கவசத்துக்கான கரி வடிகட்டி மட்டும் ஒரே ஒரு ஜோடி. அதை வைத்துக்கொண்டு எப்படி ஒரு வருடம் ஓட்டினீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். சிரித்தார். "வாசனை தூக்கலாக வந்தால்தானே அண்ணே அதை மாட்ட வேண்டும்?"

பட்டறைகளில் நடக்கும் தவறுகளில் பாதி இந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

வாசனையை அளவுகோலாக்குவது

இப்போது கார்களுக்கு மேல்பூச்சாக அடிக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் இரண்டு பொருள் கலவை. அதில் சேரும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கேடான வேதிப்பொருள் இருக்கிறது. பூச்சு இறுகிக் கண்ணாடிபோல் மின்னுவது அதனால்தான். பட்டறைக்குள் நுழைந்ததும் முகத்தில் அடிக்கும் பழ எசன்ஸ் வாசனை அதனுடையதென்று பலர் நினைக்கிறார்கள். அது தின்னரில் உள்ள பியூட்டைல் அசிடேட் போன்றவற்றின் வாசனை. ஐசோசயனேட் மூக்குக்குத் தெரியவருவதற்குள் பாதுகாப்பு வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும். கார் பெயிண்டில் வரும் ஹெக்சாமெத்திலின் டைஐசோசயனேட்டுக்கு அமெரிக்கத் தொழிலிடச் சுகாதார வல்லுநர்கள் வைத்திருக்கும் எட்டு மணி நேரச் சராசரி வரம்பு 0.005 பிபிஎம். 20 கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு. எந்த மூக்கு இதை அளக்கும்?

தின்னர் வாசனையும் நம்பத் தகுந்ததில்லை. டொலுவின், சைலீன் வாசனைக்கு மூக்கு சீக்கிரமே பழகிவிடும். நேற்றுச் சேர்ந்த பையன் தலை சுற்றுகிறது என்பான். பதினைந்து வருடம் ஊறியவர் ஒன்றுமே இல்லையே என்பார். இருவரும் இழுப்பது ஒரே காற்று.

சரி, எதை வைத்து அளப்பது? காற்றை அளக்கும் கருவி வாங்கினால் நல்லதுதான், ஆனால் முதல் கணக்கு பில் கட்டிலேயே இருக்கிறது. தின்னர் காரில் தங்குகிற பொருள் இல்லை. மாதம் 40 லிட்டர் வாங்கி, 5 லிட்டர் அழுக்குத் தின்னராக டிரம்மில் நின்றால், மிச்சம் 35 லிட்டரும் ஆவியாகிப் போனது என்று அர்த்தம். பெயிண்ட் டப்பாவுக்குள் ஏற்கெனவே இருக்கும் கரைப்பானை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. பெயிண்டின் நிலையும் அதுதான். பழைய வகைக் கன் என்றால் பாதிக்கு மேல் தகட்டில் ஒட்டாமல் பனிமூட்டமாகப் பறந்துவிடும். குறைந்த அழுத்தத்தில் அடிக்கும் ஹெச்விஎல்பி கன் இந்தச் சேதாரத்தை நன்றாகவே குறைக்கும், பெயிண்ட் செலவையும் சேர்த்து. முதலாளிகளிடம் நான் இரண்டாவது காரணத்தைத்தான் முதலில் சொல்வேன்.

பறந்தது எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஊர் வீடுகள் வானம் பார்த்த வளவு, அதாவது நடுமுற்றம், வைத்தவை. எக்ஸாஸ்ட் ஃபேனை ஆள் உயரத்தில் வைத்துப் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டால், வடகம் காயும் முற்றத்தில் போய் இறங்கும். வடிகட்டி வைத்து, குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோவதுதான் முறை. மேலே போன ஆவியும் சும்மா இருப்பதில்லை. வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வெயிலில் வினைபுரிந்து, நாம் மூச்சுவிடும் மட்டத்திலேயே ஓசோனை உண்டாக்குகிறது.

எதையாவது கட்டிக்கொண்டால் போதும் என்பது

முகத்தில் கட்டும் துண்டு, தூசியைக்கூட ஒழுங்காக நிறுத்தாது. என்95 துகளைப் பிடிக்கும், தின்னர் ஆவியை விட்டுவிடும். கரி வடிகட்டி ஆவியைப் பிடிக்கும், ஆனால் அது நிரம்பியதை யார் சொல்வது? ஐசோசயனேட்டுக்கு வாசனை எச்சரிக்கை கிடையாது என்பதால், அதை அடிக்கும்போது வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் தரும் முகக்கவசமே சரி. அதிலும் ஒரு தவறு நடக்கிறது. கன்னுக்கு ஓடும் கம்பிரசரிலிருந்தே வடிகட்டி இல்லாமல் ஒரு குழாய் இழுத்துவிடுகிறார்கள். அதில் எண்ணெய் ஆவி வரும். கம்பிரசர் காற்றை இழுக்கும் வாய் ஜெனரேட்டர் பக்கம் இருந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும்.

கரி வடிகட்டியை ஆணியில் திறந்தபடி தொங்கவிட்டால், யாரும் மாட்டாத நேரத்திலும் அது ஆவியைக் குடித்துக்கொண்டே இருக்கும். மூடிபோட்ட டப்பாவில் வைக்க வேண்டும். இறுக்கமாகப் பிடிக்கும் கவசம் தாடியோடு ஒத்துவராது. கார்த்திகையில் சபரிமலைக்கும் தைப்பூசத்தையொட்டிப் பழனிக்கும் மாலை போட்டுப் பாதிப் பட்டறை தாடியோடு நிற்கும். அந்த நாட்களில் கிளியர் கோட் வேலையை மாலை போடாதவர்களிடம் விடலாம், அல்லது முகத்தை முழுக்க மூடும் தளர்வான காற்றுக்குழாய் ஹூட் வாங்கலாம். விரதத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை.

கன் நின்றதும் கவசத்தைத் தூக்குவது

கடைசிக் கோட் அடித்ததும் பெயிண்டரின் கை தானாகக் கவசத்துக்குப் போகும். பளபளப்பு சரியாக வந்திருக்கிறதா, எங்காவது ஒழுகியிருக்கிறதா என்று கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் அவருக்கு. அந்த நொடியில்தான் காற்றில் நுண்துளி நிறைந்திருக்கிறது. சாதாரண வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது.

உங்கள் ஷெட் காலியாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. வேலை இல்லாத நாளில், தின்னரையும் பெயிண்டையும் துடைத்த துணியையும் அறவே வெளியேற்றி, ஷெட்டை நன்றாகக் காற்றாட விட்டபிறகு (நெருப்பும் தின்னரும் ஒரே கூரைக்குள் கூடவே கூடாது) சாம்பிராணிப் புகையை நிறையப் போடுங்கள். தணலை வெளியே எடுத்துவிட்டு ஃபேனை ஓட்டி, மூலையில் கடைசி இழை மறையும்வரை கடிகாரத்தைப் பாருங்கள். நான் பார்த்த ஒரு தகர ஷெட்டில் 25 நிமிடம் ஆனது. அதுவரை அந்த ஷெட்டின் மேஸ்திரி இரண்டு நிமிடத்தில் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பழைய பெயிண்டைச் சாதாரணத் தூசியாக நினைப்பது

அறுபதாம் கல்யாணத்துக்குத் தாத்தா காலத்து அம்பாசடரைப் புதுப்பிப்பது இங்கே ஒரு ஆசை. பள்ளத்தூரில் ஒரு வீட்டின் முகப்பிலேயே காரை நிறுத்தி உலர்வாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தங்குடிக் கல்லின் பூவேலை தெரியாத அளவுக்கு மஞ்சள் தூசி. வீட்டு ஆச்சி தென்னந் துடைப்பத்தால் அதைக் கூட்ட, பேரப்பிள்ளை அதில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தது.

பழைய மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் ஈயக் குரோமேட் இருக்க வாய்ப்பு அதிகம். துரு தடுக்கும் பழைய மஞ்சள் பிரைமரில் துத்தநாகக் குரோமேட் இருக்கலாம், அது புற்றுநோய் உண்டாக்குவது. துருப்பிடிப்பதை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் காரைக்குடிப் பக்கத்திலேயே, பிரைமரில் என்ன இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. ஈயத்தைத்தான் தடை செய்துவிட்டார்களே என்பார்கள். 2016-இல் வந்த, ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல்) இருக்கக் கூடாது என்ற விதி வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும் உரியது. அதற்கு முந்தைய காரின் மேல் இருப்பதை அது மாற்றிவிடாது.

நனைத்துத் தேய்க்க வேண்டும், அந்தக் கரைசலைச் சாக்கடையில் விடாமல் படியவிட்டு வண்டலைத் தனியே சேர்க்க வேண்டும். வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது. கையைத் தின்னரில் கழுவுவதும் கூடாது. டொலுவின் தோல் வழியாகவும் உள்ளே போகும். சாப்பாட்டுக்கு முன் சோப்புதான்.

மண் குடித்துவிடும் என்பது

அழுக்குத் தின்னரைச் சுவரோரம் ஊற்றினால் நம் செம்மண் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன, ஊருணிகளுக்கு மழைநீரைப் பார்த்துப் பார்த்து வழிவிட்ட மக்கள் இதைச் செய்கிறோம். பெயிண்ட் வண்டலும் கழிவுத் தின்னரும் 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளுக்குள் வருபவை. மூடிய டிரம்மில் சேர்த்து, அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைத்து, ரசீதை என்னிடம் கொடுங்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். டொலுவின் ஆவி 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றத் தயார். குளிர்பானப் பாட்டிலில் தின்னர் வாங்கி வைப்பதைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா?

நீரில் கரையும் பெயிண்டுக்கு மாறிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று ஒரு முதலாளி சொன்னார். மாறியது வண்ணப் பூச்சு மட்டும். அதன் மேல் அடிக்கும் கிளியர் கோட்டில் அதே ஹார்ட்னர்தான்.

இரவு இருமலைப் பனியின் மேல் போடுவது

ஐசோசயனேட் ஆஸ்துமா பலருக்கு வேலை நேரத்தில் காட்டிக்கொள்ளாது. சாயங்காலமோ நள்ளிரவிலோ இருமலும் இழுப்பும் வரும். லீவு நாளில் குறையும், வேலை தொடங்கியதும் திரும்ப வரும். அதனால்தான் மார்கழிப் பனி, வீட்டு ஒட்டடை என்று வேறெதன் மேலாவது பழி போகிறது. மருத்துவரிடம் போனால் "பெயிண்டர் வேலை, ஹார்ட்னர் அடிக்கிறேன்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். மூச்சுத்திறன் சோதனையை வருடாவருடம் செய்துவந்தால் சரிவு முன்கூட்டியே தெரியும். உடல் ஒருமுறை ஒவ்வாமைக்கு ஆளாகிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே போதும்.

வாசனை தூக்கலாக வந்தால் மாட்டுவேன் என்ற அந்த மேஸ்திரிக்கு அப்படித்தான் ஆனது. கன்னை வாங்கிக்கொண்டு பட்டி தேய்க்கும் வேலைக்கு மாற்றினார்கள், அதே ஷெட்டுக்குள். அதுவும் ஒரு தவறு என்று தெரிய இன்னும் எட்டு மாதம் ஆனது. இப்போது புதுவயலில் ஓர் அரிசி ஆலையின் அலுவலக அறையில் எடைச்சீட்டு எழுதுகிறார். காரைக்குடிக்கு வந்தால் பட்டறைக்குள் வருவதில்லை. சாலையின் அந்தப் பக்கமே சைக்கிளை நிறுத்தி, என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போய்விடுகிறார்.