மாரிக்கு முன்னர் செய்ய வேண்டியது: நீண்ட காலம் நிற்கும் வாகனத்தில் எலி குடியேறாமல் காத்தல்

நல்லூர்த் திருவிழாவுக்கென வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் ஆவணி முடிந்து திரும்பிய பின்னர், யாழ்ப்பாணத்து வளவுகள் பலவற்றில் ஒரு வான் அடுத்த வருகை வரை அசையாமல் நிற்கத் தொடங்குகிறது. சிலர் அதனுள் கட்டில், சிறிய காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பொருத்தி, கதிர்காமம் வரை குடும்பத்தோடு தங்கித் தங்கிச் சென்று வரக்கூடிய வீடாகவே அதை மாற்றி வைத்திருக்கிறார்கள். இவ்வாறு நிற்கும் வாகனத்துக்கு வெயிலும் துருவும் ஆண்டுக்கணக்கில் செய்யும் கேட்டை எலி சில கிழமைகளுக்குள் செய்து முடித்துவிடும். வயர்களைக் கடித்து, ஆசனத்தின் பஞ்சைக் குடைந்து, காற்றுக் குழாய்க்குள் கூடு கட்டி, எந்தத் திரவியத்தாலும் எளிதில் போகாத நாற்றத்தை அது விட்டுச் செல்லும். எலி வந்த பின்னர் பொறி, பாசாணம் என்று அலைவதிலும் பார்க்க, அது வரும் வழியை அடைப்பதும் அது விரும்பும் சூழலை இல்லாமற் செய்வதுமே நிலையான பாதுகாப்பு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அந்த வேலை முழுவதும் ஐப்பசி மழைக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

காலத்தை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கிடைக்கிறது. அப்பொழுது நிலத்திலுள்ள பொந்துகளில் வெள்ளம் நிறைய, வயல் எலியும் அகழானும் உயரமான, உலர்ந்த, இருண்ட இடத்தைத் தேடிப் புறப்படுகின்றன. கூரையின் கீழ் நிற்கும் வான் அவற்றுக்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டாவது அலை தை, மாசி மாதங்களில், நெல் அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும்போது வரும். தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வயலோரம் வீடு உள்ளவர்கள் இதை நன்கு அறிவார்கள். சுண்டெலியின் கர்ப்ப காலம் ஏறத்தாழ 3 கிழமைகள் மட்டுமே. பிறந்த குட்டி 6 கிழமைகள் அளவில் தானும் குட்டி போடத் தகுதி பெற்றுவிடும். ஐப்பசியில் உள்ளே நுழைந்த ஒரு சோடி, தைப்பொங்கலுக்கு முன்னர் ஒரு கூட்டமாகிவிடுவதற்கு இதுவே காரணம்.

வருவது எது என்று அறிதல்

வாகனத்துக்குள் புகுவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று வீட்டுச் சுண்டெலி. ஒரு பென்சில் நுழையும் அளவான, ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் துவாரம் அதற்குப் போதும். மற்றையது கூரையிலும் மரத்திலும் ஏறித் திரியும் கறுப்பெலி. அதற்கு அரை அங்குல இடைவெளி வேண்டும். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அவற்றைத் தேய்ப்பதற்காக அது கடினமான பொருளைக் கடித்தே ஆக வேண்டும். ஆகவே வயரைக் கடிப்பது பசியால் மட்டும் நிகழ்வதன்று. உணவே இல்லாத வாகனத்திலும் வயர் அறுபடுகிறது.

எச்சத்தைப் பார்த்து எது வந்தது என்று சொல்லலாம். சுண்டெலியின் எச்சம் அரிசி மணியிலும் சிறியது. கூர்மையான முனை உடையது. கறுப்பெலியின் எச்சம் அரை அங்குலம் அளவுக்கு நீண்டிருக்கும். ஒரு முனையில் வெள்ளை நிறம் இருந்தால் அது பல்லியின் எச்சம். அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. மூஞ்சூறு எலி இனத்தைச் சேர்ந்ததன்று. அது பூச்சி தின்று வாழ்வது, வயரைத் தொடாது. அதை விரட்டுவதற்கு நேரம் செலவிட வேண்டாம்.

வளவும் தரிப்பிடமும்

வாகனத்தைச் சுற்றியுள்ள இடமே முதலில் கவனிக்கப்பட வேண்டியது. நம் வளவுகளில் விறகு, பொச்சுமட்டை, பழைய கிடுகு, நெல் மூடை, வைக்கல் எல்லாம் ஒரே கொட்டிலுக்குள் சேர்வது வழக்கம். வானும் அதே கொட்டிலுக்குள் நிறுத்தப்படுகிறது. இது எலிக்கு உணவு, கூடு, மறைவு மூன்றையும் ஒரே இடத்தில் கொடுக்கும் ஏற்பாடு. வேறு இடம் இருந்தால் அவற்றை அங்கே மாற்றுங்கள். இல்லையென்றால் வானை மாற்றுங்கள். வாகனத்தின் நாற்புறமும் குறைந்தது 3 அடி அகலத்துக்கு வெறுமையான சீமெந்துத் தரையோ, துப்புரவாகக் கூட்டிய மண்ணோ இருக்க வேண்டும். திறந்த வெளியைக் கடந்து ஓடுவதற்கு எலி அஞ்சும்.

மேலிருந்து வரும் வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தென்னை வட்டிலும், பனையில் தொங்கும் காவோலைக்குள்ளும் கறுப்பெலி கூடு வைக்கும். முருங்கைக் கொப்போ, பூவரசு வேலியின் கிளையோ தரிப்பிடத்தின் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது எலிக்கு ஏணி. கூரையிலிருந்து 6 அடி தூரத்துக்காவது கிளைகளை வெட்டி, காவோலைகளையும் கழித்துவிடுங்கள். கொடிக்கயிறு, பழைய மின்வயர் என்பன கூரைக்கும் வேலிக்கும் இடையில் கட்டப்பட்டிருந்தால் அவற்றையும் அகற்றுங்கள்.

தார்ப்பாயால் நிலம் வரை மூடி வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. அது எலிக்குத் திரை கட்டிக் கொடுக்கிறது. உள்ளே ஈரத்தையும் தேக்குகிறது. நாற்புறமும் காற்றோட்டமுள்ள கூரை போதுமானது. அத்தகைய கூரை இருந்தால் பொனற்றைச் சற்றுத் திறந்தே விடலாம். வெளிச்சமும் காற்றும் படும் இயந்திர அறையை எலி அவ்வளவாக விரும்புவதில்லை.

விறகையும் தகரங்களையும் அகற்றும்போது வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். எலி இருக்கும் இடத்தைத் தேடிச் சாரைப்பாம்பு வரும். நாகமும் கண்ணாடி விரியனும் வரும். நீண்ட தடியால் தட்டிப் பார்த்து, சப்பாத்து அணிந்து, பகலில் மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள்.

துவாரங்களைக் கண்டுபிடித்து அடைத்தல்

இந்த வேலையில் அவசரப்படக் கூடாது. முதலில் நண்பகலில் வாகனத்தை நிழலுக்குள் நிறுத்தி, கண்ணாடிகளைத் துணியால் மறைத்து, உள்ளே இருந்து கீழ்ப்புறம் எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். பின்னர் இரவில் ஒளி கூடிய விளக்கொன்றை உள்ளே எரியவிட்டு, இன்னொருவர் வெளியே தரையில் பாய் விரித்துப் படுத்து, அடித்தளத்தில் எங்கே ஒளி கசிகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டையும் செய்தால்தான் முழு விபரம் கிடைக்கும். கண்ட இடம் ஒவ்வொன்றையும் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

சிறப்பாகப் பார்க்க வேண்டிய இடங்கள் சில உள்ளன. முன்கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்றை உள்ளெடுக்கும் வாயில் எல்லாவற்றிலும் முக்கியமானது. அதனூடாக இறங்கும் எலி ஏசியின் விசிறிக்குள் கூடு கட்டிவிடும். அந்த வாயிலின் உட்புறத்தில் கம்பிவலை பொருத்துவதோடு, வாகனத்தை நிறுத்தும்போது ஏசியை உட்காற்றுச் சுழற்சியில் விட்டு அணையுங்கள். அப்போது உள்ளிருக்கும் தடுப்பு மூடிக்கொள்ளும். அடுத்து, இயந்திர அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள இரும்புத் தடுப்பில் வயர்க்கட்டு நுழையும் இடங்கள். அங்கே இருக்கும் றப்பர் வளையம் வெப்பத்தில் வெடித்து விழுந்திருக்கும். பின்பம்பருக்குள் மறைந்திருக்கும் காற்றுப்போக்கிகள், சறுக்குக் கதவின் கீழ்த் தண்டவாளம், கியர்க் கம்பியைச் சுற்றியுள்ள றப்பர், பழைய ஆசனங்களைக் கழற்றிய பின்னர் எஞ்சிய ஆணித் துவாரங்கள் ஆகியவையும் பார்க்கப்பட வேண்டும். கடற்கரைக்கு அண்மையிலுள்ள ஊர்களில் உப்புக்காற்று தின்ற தரைத்தகட்டில் துருவே புதிய வாசலைத் திறந்திருக்கும். அதற்கு ஒட்டுப்போடுவது போதாது. தகடு வைத்து வெல்டிங் செய்விப்பதே சரி.

உள்ளே அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்திய வான்களில் ஆபத்து இன்னும் கூடுதலானது. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், காஸ் குழாய், மின்வயர் ஒவ்வொன்றும் தரையைத் துளைத்துச் செல்கிறது. துளைத்தவர் குழாயிலும் பெரிய துவாரமாகத் துளைத்திருப்பார். அலுமாரிகளுக்கும் கட்டிலுக்கும் அடியில் மறைந்துள்ள இந்த இடைவெளிகளைப் பார்ப்பதற்காகவே இழுப்பறைகளை முழுவதும் வெளியே எடுக்க வேண்டும்.

அடைப்பதற்கு எதைப் பயன்படுத்துவது என்பதிலும் கவனம் தேவை. சிறு துவாரத்துக்குச் சட்டி தேய்க்கும் துருப்பிடிக்காத கம்பிச்சுருளை இறுக்கித் திணித்து, அதன்மேல் சிலிக்கன் பசை பூசுங்கள். சாதாரண இரும்பு நார் இந்தக் காலநிலையில் ஒரு மாரிக்குள் துருவாகி உதிர்ந்துவிடும். ஊதினால் விரிந்து இறுகும் நுரைப்பசையை மட்டும் நம்பாதீர்கள். எலி அதைக் கடித்துத் துகளாக்கிவிடும். பெரிய இடைவெளிக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள கல்வனைஸ் கம்பிவலையை வெட்டி, ஓரம் மடித்து, திருகாணியால் பொருத்துங்கள். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் வலையின் கண் பெரிது. நுளம்புக்கான நைலோன் வலை எலிப்பல்லுக்குத் தாங்காது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: காஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியிலுள்ள காற்றுத் துவாரத்தை ஒருபோதும் பசையால் மூடக் கூடாது. சமையல் காஸ் காற்றிலும் பாரமானது. கசிந்தால் அத்துவாரத்தின் வழியேதான் வெளியேற வேண்டும். அங்கே கம்பிவலை மட்டும் போடுங்கள். சிலிண்டரையும் கழற்றி வெளியே வையுங்கள். தண்ணீர் வடியும் துவாரங்களுக்கும் இதே முறைதான். புகைக்குழாயின் வாயில் கம்பிச்சுருளைச் செருகலாம். செருகியவுடன் ஸ்ரியறிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, எந்தெந்த இடத்தை அடைத்தீர்கள் என்று எழுதிய தாளையும் அதில் இணைத்துவிடுங்கள். அடுத்த முறை வாகனத்தை எடுப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

உள்ளே ஒன்றும் மிஞ்சாமல்

திருவிழாவில் வாங்கிய கச்சானின் கோது, முறுக்குத் துண்டு, ஆசன இடுக்கில் விழுந்த பனங்கட்டித் துகள் யாவும் எலிக்கு அழைப்பு. ஆசனங்களைக் கழற்ற முடிந்தால் கழற்றியே துப்புரவாக்குங்கள். உணவு என்று நாம் கருதாத சவர்க்காரம், மெழுகுதிரி ஆகியவற்றையும் எலி தின்னும். தலையணை, மெத்தை, விரிப்பு, கடதாசிக் கைக்குட்டை, விளக்குத் திரிக்கான பஞ்சு ஆகியவை கூடு கட்டும் பொருட்கள். அவற்றை வீட்டுக்குள் கொண்டு சென்றுவிடுங்கள். அலுமாரிக் கதவுகளையும் டாஷ்போட் பெட்டியையும் திறந்தே விடுங்கள். பற்றரியின் இணைப்பைக் கழற்றுவதும் அவசியம். கடிபட்ட வயர் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிப்பதைத் தடுப்பதற்கு இதிலும் எளிய வழி இல்லை.

வாசனைப் பொருட்களைப் பற்றிப் பலர் கேட்பார்கள். பூச்சியுருண்டை, புதினா எண்ணெய், மிளகாய்த்தூள் முதலியவற்றின் மணம் சில நாட்களில் மங்கிவிடும், எலியும் பழகிவிடும். பூச்சியுருண்டையின் ஆவி மூடிய வாகனத்துக்குள் தேங்கி, பின்னர் அதில் ஏறும் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு செய்யக்கூடும். ஒலி எழுப்பி எலியை விரட்டும் கருவிகளை விற்ற 60 இற்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, உங்கள் கூற்றுகளுக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2001 இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தப் பணத்துக்குக் கம்பிவலை வாங்குங்கள்.

பொறியும் பாசாணமும்

பாசாணம் வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை. அதைத் தின்ற எலி, தகடுகளுக்கு இடையில் கை எட்டாத மூலையில் போய்ச் சாகும். அந்த எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் நஞ்சு ஏறும். ஒட்டுப்பலகையில் எலி நாட்கணக்கில் துடித்துச் சாகிறது. பல்லியும் ஓணானும் சேர்ந்து மாட்டிக்கொள்கின்றன. அடிப்பொறியோ கூண்டுப்பொறியோ போதும். எலி சுவரோரமாகவே ஓடும் இயல்புடையதால், அடிப்பொறியின் இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வையுங்கள். சுட்ட நெத்தலிக் கருவாடும் வறுத்த தேங்காய்ச் சொட்டும் நல்ல இரைகள். பொறிகளை வாகனத்துக்கு வெளியே, கொட்டிலின் ஓரங்களில் வைக்க வேண்டும். தினமும் பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் வைக்கவே கூடாது.

பார்ப்பதற்கு ஆள் என்பது இந்த முறை முழுவதற்கும் தேவையானது. உறவினரோ அயலவரோ கிழமைக்கு ஒருமுறை பொனற்றைத் திறந்து, உள்ளேயும் டோர்ச் அடித்துப் பார்க்க ஒப்புக்கொள்ள வேண்டும். கதவுகளின் ஓரத்தில் அடுப்புச் சாம்பலை மெல்லியதாகத் தூவி வைத்தால், காலடித் தடம் மறுநாளே தெரிந்துவிடும். அரிசிமா தூவினால் அதுவே இரையாகிவிடும்.

ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால்

எச்சத்தை உலர்ந்த நிலையில் விளக்குமாற்றாலோ தூசுறிஞ்சியாலோ எடுக்காதீர்கள். எல்லாக் கதவுகளையும் அரை மணி நேரம் திறந்துவிட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, வீட்டுப் பாவனைக்கான குளோரின் திரவம் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து எச்சத்தின்மீதும் கூட்டின்மீதும் நன்கு தெளியுங்கள். 5 நிமிடங்கள் ஊறிய பின்னர் துணியால் துடைத்து, எல்லாவற்றையும் பையில் கட்டி ஆழமாகப் புதையுங்கள். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததை நாம் மறந்துவிடக் கூடாது. எலியின் சிறுநீரிலுள்ள கிருமி கையிலோ காலிலோ உள்ள சிறு காயத்தின் வழியாகவும் உடலுக்குள் புகும். துப்புரவாக்கிய பின்னர் வரும் 4 கிழமைகளுக்குள் காய்ச்சலோ கடும் தசைநோவோ ஏற்பட்டால், எலி எச்சத்தைத் தொட்ட விடயத்தை வைத்தியரிடம் சொல்லத் தவறாதீர்கள்.

மீண்டும் வாகனத்தை எடுக்கும் நாளில், பற்றரியை இணைப்பதற்கு முன்னர் சிவப்புத் துணியோடு கட்டிய தாளைப் பார்த்து அடைப்புகளை அகற்றுங்கள். காற்று வடிகட்டியின் பெட்டியைத் திறந்து கூடு இருக்கிறதா என்று பாருங்கள். எரிபொருள்க் குழாயிலும் பிரேக் குழாயிலும் பல் தடம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். எரிபொருள் மணம் வந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். பிரேக் மிதி வழக்கத்திலும் ஆழமாக இறங்கினால் வாகனத்தை நகர்த்தாமல் மெக்கானிக்கை வளவுக்கே அழையுங்கள்.