கல்வெட்டுகளை நூலகத்துக்குக் கொண்டுபோகும் முன்

அம்மம்மாவின் றங்குப்பெட்டியைத் திறந்தபோது, பூச்சி உருண்டை வாசத்துக்கு அடியில் நாற்பத்து மூன்று கல்வெட்டுகள் இருந்தன. இறந்தவருக்கு முப்பத்தோராம் நாளில் செய்யும் அந்தியேட்டிக் கிரியை வீட்டில் சாப்பிட்டுப் புறப்படும்போது, அவர் நினைவாக அச்சிட்டுக் கையில் தருவார்களே, அந்தச் சிறு புத்தகங்களைத்தான் சொல்கிறேன். உள்ளே தேவாரமும் இரங்கற்பாவும்தானே என்று பலர் புரட்டுவதில்லை. தயவுசெய்து வம்சாவளி போட்ட பக்கத்தைப் பாருங்கள். யார் யாரை மணந்தார், எந்தப் பள்ளியில் படிப்பித்தார், மலாயா றெயில்வேயில் எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அச்சிட்டு விற்ற புத்தகத்துக்கு வேறெங்காவது ஒரு பிரதி கிடைக்கும். உறவுக்குள் பங்கிட்ட கல்வெட்டுக்கு வீட்டுப் பெட்டிகளைத்தான் நம்ப வேண்டும். அந்த நூலகமே 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலிருந்து இரவல் கொடுத்த புத்தகங்களில் தொடங்கியதுதான். ஆகவே பழைய கடதாசியென்று நிறுத்து விற்றுவிடாதீர்கள்.

மாரி காலத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். கோடையில், காற்றோட்டமான விறாந்தையில் பாய் விரித்துப் பரப்புங்கள். வெயிலில் காயப் போட்டால் தாள் அப்பளம்போல நொறுங்கும். தூசியை மெல்லிய தூரிகையால் நடுமடிப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. துருப்பிடித்த கம்பியை இழுக்காமல், பின்பக்கம் மடிந்திருக்கும் இரு நுனிகளையும் மெல்லிய கத்தியால் நிமிர்த்திவிட்டு எடுங்கள்.

கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டாதீர்கள். என் பேரனாரின், அதாவது தாத்தாவின், கல்வெட்டை நான் அப்படித்தான் ஒட்டினேன். 1995இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியை விட்டு இடம்பெயர்ந்தபோது அம்மா சேலைத் துணியில் முடிந்துகொண்டு போன புத்தகம் அது. இருபது வருடத்தில் ரேப் பழுத்து உரிந்து வந்தது. அவர் பிறந்த ஊரின் பெயரும் அதோடு போய்விட்டது. கிழிந்ததைக் கிழிந்தபடியே ஒரு தாளுறைக்குள் வையுங்கள். பெட்டியில் ஓலைச்சுவடி அகப்பட்டால் எண்ணெய் பூசுவதோ கயிற்றை அவிழ்ப்பதோ வேண்டாம். தெரிந்தவர் கைக்கு அப்படியே போகட்டும்.

அடுத்தது பட்டியல். ஒரு கொப்பியில் இறந்தவர் பெயர், ஊர், ஆண்டு, அச்சகம், காணாமல்போன பக்கம் எல்லாம் எழுதுங்கள். புத்தகத்தின் மேல் பேனையால் எதுவும் எழுத வேண்டாம். ஆண்டு எழுதும்போதுதான் பலர் தடுமாறுவார்கள். பழையவற்றில் ‘துன்முகி வருடம் ஆனி’ என்று மட்டும் இருக்கும். அறுபது வருடச் சுற்றில் அது 1896ஆகவும் இருக்கலாம், 1956ஆகவும் இருக்கலாம், 2016ஆகவும் இருக்கலாம். என்னிடமிருந்த ஒன்றில் பேரப்பிள்ளைகளின் பெயர்களுக்குள் என் அம்மாவின் பெயரும் இருந்தது. அவர் 1948இல் பிறந்தவர். தாளோ பழுத்து உதிர்கிறது. அதனால் 1956 என்று எழுதினேன். இப்படி ஊகித்ததை ஊகமென்றே குறித்துவிடுங்கள்.

நூலகத்துக்கு முதலில் பட்டியலை மட்டும் கொண்டுபோங்கள், பெட்டியை அல்ல. எதை ஏற்பார்கள், எங்கே வைப்பார்கள் என்று பொறுப்பானவரிடம் நேரில் கேளுங்கள். கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு துண்டு வாங்குங்கள். மூலப் பிரதியைப் பிரிய மனமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இத்தகைய நினைவு மலர்களையும் மின்வருடி இணையத்தில் இலவசமாகப் படிக்க வைக்கிறது. கனடாவிலிருக்கும் பேத்தியும் பார்க்கலாம். இதை நான் மிகப் பெரிய உதவியாகக் கருதுகிறேன்.

கொடுக்கும் முன் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. குடும்பத்தில் மூத்தவரை அருகில் இருத்தி, படங்களைக் காட்டிப் பெயர் கேளுங்கள். எங்கள் பெட்டியிலிருந்த ஒரு கல்வெட்டின் நடுப்பக்கத்தில் பதினொரு பேர் நிற்கிறார்கள், பெயர் அச்சிடவில்லை. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்பது பேரைச் சொன்னார். மற்ற இருவரைக் கேட்க இந்தச் சனிக்கிழமை சாவகச்சேரிக்குப் போகிறேன். அங்கே அம்மாவின் மச்சாள் ஒருவர் இருக்கிறார்.