அரை கிராம் தங்கக் காசு: வாங்குவது எளிது, விற்பதுதான் பாடம்

இரண்டு வருடம், மாதம் ஒரு அரை கிராம் காசு வாங்கினேன். சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை மதுரை நகைக்கடைத் தெருவான தெற்காவணி மூல வீதி, ஒரு காசு, திரும்பும் வழியில் ஒரு ஜிகர்தண்டா. 24 காசு சேர்ந்ததும் மகளுக்கு ஒரு செயின் எடுத்துவிடலாம் என்று எல்லாவற்றையும் ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே கால்குலேட்டரில் தட்டிக் காட்டிய தொகையைப் பார்த்ததும் டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் கடை கடையாக அலைந்ததில் தெரிந்துகொண்டதுதான் இந்தப் பதிவு.

காரட், பவுன், ஜிஎஸ்டி எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். கணக்குக்கு வசதியாக 24 காரட் கிராம் 10,000 ரூபாய், 22 காரட் 9,160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்கும் நாளின் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எதற்கு வாங்குகிறீர்கள்?

கொடுப்பதற்கா, சேர்ப்பதற்கா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நான் இதைச் செய்யவில்லை.

கொடுப்பதற்கு அரை கிராம் காசை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. காதுகுத்து, பெயர் வைப்பு, முதல் பிறந்தநாள் எதுவானாலும் சரி. முன்பு அரை கிராமில் குழந்தை மோதிரம் போடுவோம். ஆறு மாதத்தில் விரலுக்குச் சேராது, அதில் சேதாரம் வேறு போயிருக்கும். காசு அப்படியே இருக்கும். மொய்க் கவரில் வைத்தால் கனமே தெரியாது, ஆனால் வாங்குகிறவர் முகத்தில் தெரியும்.

இன்னொன்று: நம் ஊருக்குக் குட்டித் தங்கக் காசு புதிதல்ல. நாம் சொல்லும் 'பணம்' என்ற சொல்லே ஒரு காலத்தில் ஒரு நாணயத்தின் பெயர். தென்னிந்தியத் தங்கப் பணம் ஒரு கிராமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. திருவிதாங்கூரில் சக்கரம் என்ற பொடி வெள்ளிக் காசைக் கையால் எண்ணி மாளாமல், பலகையில் குழி வெட்டி, காசை வாரிக் கொட்டிக் குலுக்கி, குழி நிறைந்ததை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். சின்னக் காசின் தொல்லை அப்போதே இருந்திருக்கிறது.

சேர்ப்பதற்கு என்றால் அடுத்த படியைக் கவனமாகப் படியுங்கள்.

படி 2: காசின் விலையைப் பார்க்காதீர்கள், கிராம் விலையைப் பாருங்கள்

காசு அச்சடிக்கும் கூலி எடைக்கு ஏற்றபடி குறைவதில்லை. அரை கிராமுக்கும் அதே அச்சு, அதே அட்டை, அதே பிளாஸ்டிக் உறை. நான் வாங்கிய கடையில் ஒரு காசுக்குக் கூலி அரை கிராமுக்கு 350, ஒரு கிராமுக்கு 450, எட்டு கிராமுக்கு 900 ரூபாய். இதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. கணக்குப் போட்டால்:

அரை கிராம்: 5,000 + 350 + ஜிஎஸ்டி = 5,510. அதாவது கிராம் 11,021.
ஒரு கிராம்: 10,763.
எட்டு கிராம்: 83,327. கிராமுக்கு 10,416.

பதினாறு அரை கிராம் காசு வாங்கினால் எட்டு கிராம் தங்கம்தான் இருக்கும், ஆனால் கொடுத்தது 88,168. ஒரே காசாக வாங்கியிருந்தால் 4,841 மிச்சம். கிட்டத்தட்ட ஒரு அரை கிராம் காசைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி.

"மொத்தமா எட்டு கிராம் வாங்கக் காசு இருந்தா நான் ஏன் அரை கிராம் வாங்கறேன்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. என் பதில்: மாதம் ஐயாயிரத்தை வங்கியில் ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டுவிட்டு, வருடம் முடிந்ததும் ஒரே காசாக வாங்குவது. நடுவில் தங்கம் ஏறிவிட்டால் நஷ்டம்தான், மறுக்கவில்லை. அந்தப் பயம் இருந்தால் கோல்டு ஈடிஎஃப் (பங்குச் சந்தையில் வாங்கும் தங்க நிதி) வாங்கிப் போடுங்கள். ஆப்பில் விற்கிற டிஜிட்டல் தங்கம் எனக்குப் பிடிக்காது. அது தன் கண்காணிப்பில் இல்லை என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது.

படி 3: 24 காரட்டா, 916-ஆ?

பின்னால் நகையாக மாற்றப் போகிறீர்கள் என்றால், நகை எடுக்கப் போகும் கடையிலேயே 916 காசு (22 காரட், அதாவது 91.6 சதவீதம் தங்கம்) வாங்குங்கள். கூலி இல்லாமல் 22 காரட் விலைக்கே 916 காசு தருகிற கடைகள் உண்டு. நகை எடுக்கும்போது கிராமுக்குக் கிராம் கழியும், தலைவலி இல்லை. அட்டையில் '999' (99.9 சதவீதம் தங்கம்) என்று பளபளப்பாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்கி 24 காரட் வாங்கினேன் நான். அதன் விளைவு படி 6-இல்.

பின்சேர்க்கை: "ஹால்மார்க் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 2 கிராமுக்குக் குறைவான தங்கப் பொருளுக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு உண்டு. அதனால் அரை கிராம் காசில் ஹெச்யூஐடி எண்ணை (ஹால்மார்க் பெற்ற ஒவ்வொரு பொருளுக்கும் தரும் தனி அடையாள எண்) தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். எண் இருந்தால் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி கடையின் பெயரும் பில்லும். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண் வேலை: செம்பும் காந்தத்தில் ஒட்டாது, தங்கமும் ஒட்டாது.

படி 4: கல்லாவில் எடை

அரை கிராம் காசு 10 மில்லிமீட்டர் அகலம் என்றால் அதன் கனம் 0.33 மில்லிமீட்டர்தான் வரும். நகத்தால் அழுத்தினால் வளைந்துவிடுமோ என்று பயப்படும் அளவு. உறையைப் பிரித்து எடை போடச் சொன்னால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள், பிரித்தால் உங்களுக்கும் நல்லதல்ல. ஆனால் உறைக்குள் போகாத காசு வாங்குகிறீர்கள் என்றால் தராசில் மூன்று தசமம் காட்டுகிறதா என்று பாருங்கள். 0.500 என்று காட்ட வேண்டும், 0.50 என்று அல்ல. வீட்டுக்கென்று ஆன்லைனில் விற்கும் இரண்டு தசமத் தராசு இதற்கு உதவாது. நானும் ஒன்று வாங்கினேன், இப்போது அதில் மனைவி ஈஸ்ட் எடை போடுகிறாள்.

படி 5: பில், அட்டை, டப்பா

பில்லில் காரட், எடை, கூலி, ஜிஎஸ்டி தனித்தனியாக இருக்க வேண்டும். வெப்பத்தில் அச்சடித்த பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். விற்கும்போது வருமான வரிக்கு வாங்கிய விலை தேவைப்படும். 24 மாதம் தாண்டி வைத்திருந்தால் லாபத்துக்கு 12.5 சதவீதம். எக்செல் எல்லாம் வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

டப்பா விஷயம் சின்னதுதான். ஆனால் என் மகள் ஒரு காசின் உறையைக் கத்தரியால் வெட்டி உள்ளே இருப்பதை எடுத்து பொம்மைக்குப் பொட்டு வைத்திருந்தாள். அரை மணி நேரம் சோபாவுக்கு அடியில் தேடினோம். ஆகவே பூட்டுள்ள இடம்.

படி 6: விற்பது, மாற்றுவது

நான் விழுந்த இடம் இதுதான்.

வங்கியில் வாங்கியிருந்தாலும் வங்கி காசைத் திரும்ப வாங்காது. அதற்கு அனுமதி கிடையாது. எனவே நகைக்கடைதான் போக்கிடம். அங்கே முதலில் 24 உறையையும் கத்தரியால் வெட்டினார்கள். உறை இருந்தால் எடையும் போட முடியாது, மெஷினில் மாற்றும் (தங்கத்தின் தரம்) பார்க்க முடியாது. (வெட்டுவதற்கு முன்பே என்ன விலை தருவார்கள் என்று கேளுங்கள். வெட்டிய பிறகு வேறு கடைக்குப் போனால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.) மொத்த எடை 12.000 வர வேண்டியது 11.960 வந்தது. ஒரு காசுக்கு ஒன்றரை, இரண்டு மில்லிகிராம் குறைவு. இரண்டு தசமத் தராசில் இது கண்ணிலேயே பட்டிருக்காது. போகட்டும், 400 ரூபாய்.

மெஷினில் 24 காரட் என்றுதான் காட்டியது. அப்புறம் கல்லாவில் இருந்தவர் சொன்னார்: "சார், நாங்க பழைய தங்கம் 22 காரட் ரேட்லதான் எடுப்போம். எடைக்கு எடை." 11.96 × 9,160 = 1,09,554 ரூபாய்.

எனக்கு முதலில் தப்பு புரியவில்லை. என் காசு 24 காரட். அவர்கள் தரும் செயின் 22 காரட். கறந்த பாலைக் கொடுத்துவிட்டு அதே அளவுக்குத் தண்ணீர் கலந்த பாலை வாங்கி வருவது மாதிரி. சரியான கணக்கு இதுதான்:

காசின் எடை × 0.999 ÷ 0.916

11.96 × 0.999 ÷ 0.916 = 13.04. அதாவது என் கையில் இருந்தது 13.04 கிராம் 22 காரட்டுக்குச் சமம். எடைக்கு எடை கொடுத்திருந்தால் ஒரு கிராமுக்கு மேல் அங்கேயே போயிருக்கும். இந்த ஒரு வரியை போனில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

விலை ஏறவே இல்லை என்று வைத்துக்கொண்டு அன்றைய கணக்கை உடைத்துப் பார்த்தேன். 24 காசுக்குக் கொடுத்தது 1,32,252. அவர்கள் தருவதாகச் சொன்னது 1,09,554. வித்தியாசம் 22,698: கூலி 8,400, ஜிஎஸ்டி 3,852, எடைக் குறைவு 400, மீதி 10,046 இந்த 'எடைக்கு எடை'யில். நிஜத்தில் இரண்டு வருடத்தில் தங்கம் நன்றாக ஏறியிருந்ததால் நான் போட்ட பணத்தைவிட அதிகமாகத்தான் வந்திருக்கும். அதனால்தான் பலருக்கு இந்த ஓட்டை தெரிவதே இல்லை. விலையேற்றம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

நான்காவது கடையில் ஒரு பெரியவர் நான் எழுதிக் காட்டிய கணக்கைப் பார்த்துவிட்டு, "தம்பி சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்று 13.04 கிராம் வரவு வைத்தார். ஒரு நிபந்தனை: ரொக்கம் கிடையாது, நகைதான். எனக்கும் அதுதானே வேண்டும். ஆனால் செயினுக்குச் சேதாரம் தனி, அதற்கு ஜிஎஸ்டி தனி. அதுவும் காசைக் கழித்த பிறகு அல்ல, செயினின் முழு விலைக்கும் போட்டார்கள். காசு வாங்கும்போது ஒருமுறை, காசை நகையாக்கும்போது ஒருமுறை. நகைதான் இலக்கு என்றால் 24 காரட் காசு சுற்றுவழி என்று நான் சொல்வது இதனால்தான்.

பின்சேர்க்கை 2: அடகு வைக்க முடியுமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். காசின் மேல் கடன் கொடுக்க வங்கிகளுக்கு 50 கிராம் என்ற உச்சவரம்பு உண்டு. ஆனால் நான் விசாரித்த கிளையில் நகைக்கடைக் காசை ஏற்கவே இல்லை. வாங்குவதற்கு முன்பே உங்கள் கிளையில் கேட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: துபாயில் வாங்கிக்கொண்டு வரலாமா என்று கேட்பவர்களுக்கு: பயணிகளுக்கான தீர்வையில்லாச் சலுகை நகைக்கு மட்டும்தான், காசுக்குப் பொருந்தாது. சுங்கத்தில் சொல்லித் தீர்வை கட்டித்தான் கொண்டுவர வேண்டும்.

செயின் 11.6 கிராம், 8 சதவீதம் சேதாரம் 0.93, ஆக 12.53 கழிந்தது. ஜிஎஸ்டியை கார்டில் கட்டினேன். பெரியவர் பில் போட்டுவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: "அரை கிராம் மிச்சம் இருக்கு தம்பி. காசா வாங்கிக்கிறீங்களா?"