காவிரி அணைகளை எந்த வரிசையில் பார்ப்பது?

மேட்டூரில் தொடங்கிக் கீழே வருவதுதான் பலரும் போடும் பயணத் திட்டம். ஆறு கீழே இறங்குகிறது. அணை கட்டிய வரலாறோ, கீழணை ஒன்றைத் தவிர, மேலே ஏறுகிறது. ஆகவே கல்லணை, முக்கொம்பு, கீழணை, கடைசியில் மேட்டூர் என்று பாருங்கள்.

மேட்டூரில் டெல்டாவுக்கு ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். படுகை தெரிய வேண்டுமானால் மே மாதம் போங்கள். ஆழம் அளக்க, 10 மீட்டர் சணல் நூலில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் கால் கிலோ எடைக்கல்லைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள் இறங்கத் தேவையில்லை, இறங்கவும் கூடாது. மேலே எப்போது திறப்பார்கள் என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது.

கல்லணையில் முதலில் பார்க்க வேண்டியது அணையை அல்ல, இரண்டு ஆறுகளின் மட்டத்தை. திருவரங்கத் தீவு முடிகிற இடத்தில் காவிரி மேட்டிலும் கொள்ளிடம் பள்ளத்திலும் ஓடுகின்றன. நடுவே இரண்டையும் இணைக்கும் உள்ளாறு வழியாகக் காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்தால் தஞ்சைக்கு எதுவும் மிஞ்சாது. அந்த வாயை அடைக்க வந்ததுதான் கல்லணை. கரிகாலன் கட்டியது என்பது மரபு. நீளம் 329 மீட்டர், உயரம் சுமார் 5.4 மீட்டர், நேர்கோடாக இல்லாமல் வளைந்து கிடக்கும். அடியில் பாறை கிடையாது, மணல்தான். போட்ட கல் மணலில் புதையும். அதன்மேல் இன்னொரு கல், அதுவும் புதையும். இனி இறங்காது என்ற நிலை வரும்வரை போட்டு, களிமண்ணால் இணைத்திருக்கிறார்கள். ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடும் இந்த வித்தையை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இங்கேதான் கற்றார். கோதாவரியில் 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரம் அணையைக் கட்டியபோது அது கைகொடுத்தது.

இன்று கண்ணில் படும் பாலத்தையும் ஷட்டர்களையும் சோழர் காலத்தவை என்று எண்ணிவிடாதீர்கள். படியும் மணலை வெளியே தள்ளும் மடைகளான மணற்போக்கிகளே 1830-ல்தான் சேர்ந்தன. பழைய கல்லுடம்பு இவற்றுக்கு அடியில் இருக்கிறது.

அடுத்தது திருச்சிக்கு மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு. கொள்ளிடம் கடலுக்குக் குறுக்குவழி, சரிவும் அதிகம். அதனால் வெள்ளம் அந்தப் பக்கமே சாய்ந்தது. காவிரித் தலைப்பில், அதாவது பிரிந்த கிளை தொடங்கும் இடத்தில், வேகம் குறைந்து மணல் படிந்தது. மணல் படியப் படிய வரத்து மேலும் குறைந்தது. கல்லணையால் இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் கோளாறு அதற்கு மேலே. 1836-ல் காட்டன் கொள்ளிடத் தலைப்பில் மேலணையைத் தொடங்கினார். பலன் அளவுக்கு மீறிப்போனது: காவிரியில் தண்ணீர் கூடிப் படுகையை அரித்தது. அதைத் தடுக்க 1845-ல் காவிரித் தலைப்பிலும் ஓர் அணை போட வேண்டியிருந்தது.

நூலை இங்கே எடுங்கள். பாலத்தின் கைப்பிடியிலிருந்து மேல்பக்கம் ஓர் அளவு, கீழ்பக்கம் ஓர் அளவு. மேல்பக்கம் மணல் ஏறியிருந்தால் நூல் குறைவாக இறங்கும். கீழ்பக்கம் அரித்திருந்தால் கூடுதலாக இறங்கும். தூண் ஓரத்தில் அளக்காதீர்கள், அங்கே சுழல் தோண்டிய பள்ளம் இருக்கும், கணக்கு பிசகும். இரண்டு தூண்களுக்கு நடுவில், குறைந்தது ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். ஓடும் தண்ணீரில் நூல் சாய்ந்து ஆழம் கூடுதலாகக் காட்டும். கீழ்பக்கப் பள்ளம் வளர்ந்து தளத்துக்கு அடியில் புகுந்தால் அணைக்கே ஆபத்து. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இங்கே கொள்ளிடப் பக்கம் ஒன்பது ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு புதிய கதவணை வந்தது.

கீழணைக்கு அரைமணி போதும். கொள்ளிடத்தில் தப்பி வந்த தண்ணீரை மறித்து, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் திருப்பும் இடம் இது.

இந்த மூன்றுமே தண்ணீரைத் திருப்புபவை, சேமிப்பவை அல்ல. சேமிப்பு வந்தது மேட்டூரில்: 1924-ல் சென்னை, மைசூர் ஒப்பந்தம், 1925-ல் வேலை, 1934-ல் திறப்பு. அதே திட்டத்தில் வெட்டியதுதான் தஞ்சைக்காரர்கள் புதாறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய். பட்டுக்கோட்டை, பேராவூரணி மேட்டு நிலங்களுக்குக் காவிரி அப்போதுதான் போனது.

மேட்டூரில் அறிவிப்புப் பலகையைப் படிக்க ஒரு கணக்கு: விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் 1 டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. 120 அடி நிரம்பினால் அணையில் 93.47 டிஎம்சி. வரத்தே இல்லாமல் 12,000 கன அடி திறந்துவிட்டால் காகிதக் கணக்கில்கூட 90 நாள்தான்; குறுவைக்கே அதற்கு மேல் வேண்டும். எனவே நீர்மட்டத்தோடு நிறுத்தாமல், பக்கத்திலுள்ள நீர்வரத்து எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.