ஐ.ஆர்.ஏ. கணக்கைத் தொடங்கும் முன்

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த ஐ.ஆர்.ஏ. என்பது, வேலை தரும் நிறுவனத்தைச் சாராமல் ஒருவர் தம் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்காகும்.

வரியை இன்று கட்டுவதா, பிறகு கட்டுவதா என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஐ.ஆர்.ஏ.வின் முக்கியமான இரு வகைகளில் ஒன்றான டிரெடிஷனல் கணக்கில் செலுத்தும் தொகைக்குப் பெரும்பாலும் இப்போதே வரிக்கழிவு கிடைக்கும் என்றாலும், பணத்தை எடுக்கும்போது அதற்கு வருமான வரி உண்டு. 1998இல் நடைமுறைக்கு வந்த மற்றொரு வகையான ராத் கணக்கிலோ வரி கட்டிய பணத்தையே செலுத்துவதால், விதிகளின்படி ஓய்வுக்காலத்தில் எடுக்கும்போது அசலுக்கும் ஆதாயத்திற்கும் வரியில்லை. சம்பளம் இனி உயரும் என்று நம்பும் இளைஞருக்கு ராத் கணக்கே பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியவர்கள் அதில் நேரடியாகச் செலுத்த இயலாது.

2025ஆம் ஆண்டுக்கு இரு வகைக்கும் சேர்த்து ஒருவர் செலுத்தக்கூடிய தொகையின் உச்சவரம்பு 7,000 டாலர். 50 வயதை எட்டியவர்களுக்கு 8,000. டிரெடிஷனல் கணக்கிலிருந்து ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வருமான வரியோடு 10 சதவீதக் கூடுதல் வரியும் சேரும்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: கணக்கில் போட்ட பணம் தானாக முதலீடாகிவிடாது, குறியீட்டு நிதி (பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் முதலீட்டு நிதி) போன்ற ஒன்றை நீங்களே தேர்ந்து வாங்க வேண்டும்.