ஸ்காபரோவை விட்டுச் சட்பரிக்குக் குடும்பத்தோடு போகலாமா?

சட்பரியில் வேலை கிடைத்துவிட்டது, அங்கே வாடகையும் குறைவாம் என்று கேள்விப்பட்டதும் சாமான் கட்டத் தொடங்கும் குடும்பங்கள் பல. கொஞ்சம் பொறுங்கள். வேலை கிடைத்தவருக்கு ஊர் சீக்கிரமே பிடிபட்டுவிடும். காலையில் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது, பேச்சுக்கு ஆள் இருக்கிறது. குடும்பம் அந்த ஊரில் நிலைக்குமா என்பது வீட்டில் நிற்கப்போகிறவரின் கையில்தான் இருக்கிறது. கைக்குழந்தையோடு இருக்கும் மனைவி, ஊரிலிருந்து வந்த அம்மா, பதின்ம வயதுப் பிள்ளை ஆகியோரின் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை அங்கே எப்படிப் போகும் என்று யோசிப்பதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோ இருக்கும் ரொறன்ரோவிலிருந்து சட்பரி வடக்கே சுமார் 400 கிலோமீற்றர். 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறி 69ஆம் நெடுஞ்சாலையில் போனால் நல்ல நாளில் நான்கு, நான்கரை மணி நேரம். பாரி சவுண்டுக்கு வடக்கே சில பகுதிகளில் பாதை இன்னும் போக ஒரு தடம், வர ஒரு தடம்தான். நடுவில் தடுப்பு இல்லை. பனிப்புயலில் பாதையையே மூடிவிடுவார்கள். புறப்படுமுன் மாகாணத்தின் பாதை நிலவரச் சேவையான 511ஐப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இருட்டில் மூஸ் மான் குறுக்கே வரும் என்பதால் இரவு ஓட்டத்தைத் தவிர்ப்பது நல்லது. "சனிக்கிழமை வந்து சாமான் வாங்கிக்கொண்டு, கோயிலும் கும்பிட்டுவிட்டுப் போகலாம்" என்ற திட்டம் நவம்பரோடு தளர்ந்துவிடும். போய்வர 800 கிலோமீற்றர். 100 கிலோமீற்றருக்கு 9 லீற்றர் குடிக்கும் கார் என்றால் ஒரு தடவைக்கு 72 லீற்றர், மாதம் ஒரு முறை போனால் வருடத்துக்கு 864 லீற்றர். மிச்சமாகும் வாடகையிலிருந்து இதை இப்போதே கழித்துவிடுங்கள்.

பெப்ரவரியில் போய்ப் பாருங்கள்

ஏரிகளும் பாறைகளுமாக யூலையில் சட்பரி மிக அழகாக இருக்கும். அந்த அழகைப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. அங்கே ஜனவரி இரவுகளின் சராசரியே கிட்டத்தட்ட -18 பாகை. -30ஐத் தொடும் இரவுகளும் வரும். பெப்ரவரியில், வேலை நாட்களில், குறைந்தது மூன்று நாள் தங்குங்கள். குடும்பம் முழுவதும் போக முடியாவிட்டால் வீட்டில் நிற்கப்போகிறவராவது கட்டாயம் போக வேண்டும்.

அங்கே பார்க்க நினைத்த வீட்டிலிருந்து கடைக்கும் பாடசாலைக்கும் மருந்தகத்துக்கும் நடந்தும் பஸ்ஸிலும் போய்ப் பாருங்கள். கோவா என்பது நகரப் பஸ் சேவை. பகலில் பஸ் ஓடுகிறதா என்று பார்ப்பது போதாது. இரவு 11 மணிக்கு வேலை முடிந்தால் கடைசி பஸ் கிடைக்குமா, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு ஒன்று என்று பாருங்கள். 2001இல் பல ஊர்களை இணைத்து உருவான மாநகரம் இது. முகவரி சட்பரி என்றிருந்தாலும் வீடு நகர மையத்திலிருந்து இருபது, முப்பது கிலோமீற்றர் தள்ளி இருக்கலாம். கடையில் ஒரு கிழமைச் சமையலுக்கான சாமானை உண்மையாகவே வாங்கிப் பார்த்து, கிடைக்காதவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அரிசியும் பருப்பும் பிரச்சினை இல்லை. பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், நம் மீன் வகைகள்தான் சிக்கல். தனி உறைபெட்டி ஒன்றும் அதற்கு இடமுள்ள வீடும் தேவைப்படும்.

வீட்டில் நிற்பவருக்கு ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா? ஜி1 என்ற பயிற்சி உரிமம் வைத்திருப்பவர் தனியே ஓட்ட முடியாது. தனியே ஓட்ட அனுமதிக்கும் ஜி2வை அவர் எடுக்கும்வரை குடும்பம் இடம் மாறுவதைத் தள்ளிப்போடுவதே சரி. காரில்லாமல், பனியில், யாரையும் தெரியாத ஊரில் ஐந்து மாதம் வீட்டுக்குள் இருப்பது மனிதரை உடைத்துவிடும். அந்தக் குளிர்காலத்தில்தான் பல வீடுகளில் சண்டை தொடங்குகிறது.

மருத்துவர்

ஸ்காபரோவில் குடும்ப மருத்துவர் இருந்தால், புதியவர் கிடைக்கும்வரை விடாதீர்கள். மருத்துவர் இல்லாதவர்களுக்கு ஒருவரைத் தேடித்தரும் மாகாணத் திட்டமான ஹெல்த் கெயார் கனெக்ட் பட்டியலில் பெயர் கொடுப்பதற்காகப் பழைய மருத்துவரிடமிருந்து விலகிவிட்டு, இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் சட்பரி மருத்துவ நிலையங்களையும், நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதக்கூடிய தாதியரான நேர்ஸ் பிரக்டிஷனர்களின் நிலையங்களையும் அழைத்துப் புதியவர்களை எடுக்கிறார்களா என்று கேளுங்கள். போகும்போது மூன்று மாத மருந்துச் சீட்டும் மருத்துவக் கோப்பின் பிரதியும் கையில் இருக்கட்டும். சிறுநீர்த் தொற்று, கண்நோய் போன்ற சிறு நோய்கள் சிலவற்றுக்கு 2023 ஜனவரி முதல் ஒன்ராறியோ மருந்தாளரே மருந்து எழுதலாம்.

ஹெல்த் சயன்சஸ் நோர்த் அந்த வட்டாரத்துக்கே பெரிய மருத்துவமனை. இருந்தும் சில விசேட மருத்துவத்துக்கு ரொறன்ரோவுக்கே அனுப்புவார்கள். ஒரு வழி 100 கிலோமீற்றருக்குக் குறையாத அத்தகைய பயணத்துக்கு வட ஒன்ராறியோ மருத்துவப் பயண மானியம் உண்டு. பயணத்துக்கு முன்பே பரிந்துரைக் கடிதம் இருக்க வேண்டும், 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர், மகப்பேற்றைப் பார்க்க ஆள் உறுதியான பிறகே இடம் மாற வேண்டும்.

பிள்ளைகள்

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஓரளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். 11ஆம், 12ஆம் வகுப்பில் இருப்பவரை அசைப்பதென்றால் நன்றாக யோசியுங்கள். உயர்பாடசாலைகளில் செப்டெம்பரிலும் பெப்ரவரியிலும் பருவம் தொடங்கும். நடுவில் மாறினால், ஒரு பருவத்தில் மட்டும் நடக்கும் இயற்பியலோ கல்குலஸோ கைநழுவலாம். பதிவு செய்யுமுன் பாடசாலையின் வழிகாட்டல் ஆசிரியரிடம் பாட அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். சட்பரியில் நான்கு பாடசாலைச் சபைகள் உண்டு, இரண்டு ஆங்கிலம், இரண்டு பிரெஞ்சு. ஆங்கிலப் பொதுப் பாடசாலைகள் ரெயின்போ சபையின்கீழ் வருகின்றன. தடுப்பூசிப் பதிவை புதிய வட்டாரப் பொதுச்சுகாதார அலுவலகத்துக்குப் பெற்றோரே கொடுக்க வேண்டும்; கொடுக்காவிட்டால் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்திவைக்க இடமுண்டு.

தமிழ் வகுப்புக்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தொடக்கப் பாடசாலை மாணவர் 25 பேரின் பெற்றோர் எழுத்தில் கேட்டால், ஒன்ராறியோவில் சபை அந்த மொழிக்கு வகுப்பு நடத்த வேண்டும். அந்த 25 பேர் அங்கே சேருவார்களா என்பதுதான் கேள்வி. சேராவிட்டால் இணையவழி வகுப்பை இப்போதே தேடிவையுங்கள்.

ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, மானியத் திட்டத்தில் சேர்ந்த பராமரிப்பு நிலையங்களில் 2025 ஜனவரியிலிருந்து நாளொன்றுக்கு உச்சக் கட்டணம் 22 டொலர். ஆனால் இடத்துக்குக் காத்திருப்புப் பட்டியல் இருக்கும். வீடு பார்க்கும் முன்பே பெயரைப் பதியுங்கள். இடம் கிடைக்காவிட்டால் இரண்டாவது சம்பளம் இல்லை, மொத்தக் கணக்கும் மாறிவிடும்.

வேலையும் ஊரின் வேரும்

நிக்கல் சுரங்கத்தால் வளர்ந்த ஊர் இது. வாலே, கிளென்கோர் என்ற இரண்டு நிறுவனங்களும் இன்னும் பெரியவை. 2009இல் வாலேயில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஒரு வருடம் நீண்டது. 2021இல் லோரன்சியன் பல்கலைக்கழகம் கடன் நெருக்கடியில் 69 பாடநெறிகளை மூடியது. சிறிய ஊரில் ஒரு வேலை போனால் அதே தொழிலில் அடுத்த வேலை பக்கத்துத் தெருவில் கிடைக்காது. ஆகவே கிடைத்த வேலையை மட்டும் பார்க்காமல், அது போனால் அதே ஊரில் வேறு எத்தனை இடத்தில் விண்ணப்பிக்கலாம் என்று அரசின் வேலைவாய்ப்பு இணையத்தளமான ஜொப் பாங்கில் தேடுங்கள். துணைவரின் தொழிலுக்கும் அதே தேடலைச் செய்யுங்கள். மேசைவேலைகள் பலவற்றுக்கு அங்கே பிரெஞ்சும் கேட்பார்கள்.

முதல் மூன்று மாதம் வேலை கிடைத்தவர் மட்டும் ஓர் அறை எடுத்துத் தங்குவது எங்கள் உறுதியான ஆலோசனை. மூன்று மாதத்துக்குள் வேலையிலிருந்து நிறுத்தினால் முன்னறிவிப்போ அதற்கான பணமோ கொடுக்க ஒன்ராறியோ சட்டத்தில் கட்டாயம் இல்லை. அந்த எல்லையைத் தாண்டட்டும். வீட்டிலிருந்து செய்யும் வேலையென்றால், சட்பரியிலிருந்து செய்யலாம் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

வீடு

எரிவாயுச் சூடாக்கியா, சுவரடியில் பொருத்தும் மின்சூடாக்கியான பேஸ்போர்டா என்று முதல் கேள்வியாகவே கேளுங்கள். மின்சாரம் என்றால் போன ஜனவரி, பெப்ரவரி பில்லைக் காட்டச் சொல்லுங்கள். குறைந்த வாடகையில் மிஞ்சியது அங்கே போய்விடக்கூடும். கார் நிறுத்துமிடத்தில் வெளி மின்செருகி இருக்கிறதா? -15க்குக் கீழே எஞ்சினைச் சூடாக்கும் புளொக் ஹீற்றர் இல்லாவிட்டால் காலையில் கார் எழும்பாமல் போகலாம். குளிர்கால ரயர் அங்கே ஆடம்பரம் இல்லை. அதைப் பூட்டினால் ஒன்ராறியோவில் காப்புறுதி நிறுவனம் கட்டணத்தில் கழிவும் தர வேண்டும். புறநகர் வீடென்றால் கிணற்றுத் தண்ணீரும் மலக்குழியும் வரும். தனியார் கிணற்று நீரின் பக்டீரியாச் சோதனை மாகாணத்தில் இலவசம். மலக்குழியை மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சிக் காலிசெய்ய வேண்டும்.

பழைய வீட்டை விடுவது

திரும்பி வர எவ்வளவு செலவாகும் என்பதையும் கணக்கில் எழுதுங்கள். பல வருடமாக இருக்கும் ஸ்காபரோ வீட்டின் வாடகை கட்டுப்பாட்டுக்குள் மெதுவாகத்தான் ஏறியிருக்கும். நீங்கள் வெளியேறியதும் அடுத்தவருக்கு உரிமையாளர் எந்த விலையும் வைக்கலாம். ஆறு மாதத்தில் மனம் மாறித் திரும்பினால் அந்த வாடகை உங்களுக்குக் கிடைக்காது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதல் ஆட்கள் குடியேறிய வீடுகளுக்கு வருடாந்த உயர்வு வரம்பே இல்லை. சட்பரியில் எடுக்கப்போகும் வீடு அப்படிப்பட்டதா என்று கேளுங்கள். அங்கே முற்பணமாகக் கடைசி மாத வாடகைக்கு மேல் கேட்பது சட்டத்துக்குப் புறம்பு.

அகதிக் கோரிக்கை முடியாதவர்கள், முகவரி மாறியவுடன் குடிவரவு அகதிச் சபைக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கும் எல்லைச் சேவைக்கும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். விசாரணை அறிவித்தல் பழைய வீட்டுக்குப் போய், நீங்கள் வராமல் இருந்தால் கோரிக்கை கைவிடப்பட்டதாக அறிவிக்கப்படலாம். எல்லோரும் ஓட்டுநர் உரிமத்தில் 6 நாளுக்குள்ளும் சுகாதார அட்டையில் 30 நாளுக்குள்ளும் முகவரி மாற்ற வேண்டும்.

மாதாமாதம் புதுப்பிக்கும் வாடகையென்றால் என்9 படிவத்தில் 60 நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். முடியும் திகதி வாடகை மாதத்தின் கடைசி நாளாக இருக்க வேண்டும். மார்ச் 10ஆம் திகதி கொடுத்தால் மே 31தான். ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்றால், வேறொருவருக்கு மாற்றித் தர அனுமதி கேட்டு எழுதுங்கள். உரிமையாளர் மறுத்தாலோ, 7 நாளில் பதில் தராவிட்டாலோ 30 நாள் அறிவித்தலோடு வெளியேறலாம். என்9 படிவத்தில் கையெழுத்திடும் நாள், சட்பரி வேலையில் மூன்று மாதம் முடிந்து, பராமரிப்பு நிலையத்தில் இடமும் வீட்டில் நிற்பவரின் கையில் ஜி2வும் வந்த பிறகாக இருக்கட்டும்.